குவித்த புல்லின் சூடு

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டித் தீர்த்து, மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்க்கிற காலையில் அமராவதி நகருக்கு ஒரு வாசனை வந்துவிடும். அணைப் பூங்காவிலும் குடியிருப்பு ஓரங்களிலும் மைதானங்களிலும் புல் வெட்டும் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரையத் தொடங்கும். முழங்கால் உயரத்துக்கு எழும்பிய புல், சுழலும் நைலான் நரம்பில் பட்டுத் தூளாகிச் சிதறும். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் இந்தப் பக்கத்துப் பெரியவர்களின் மனத்தில் கிளம்புவது பண்ணறுவாளும் தலைச்சும்மாடும் கட்டுத்தறியும் தட்டுப்போரும்தான். புல் என்றால் வயிறு நிறைய வேண்டிய ஒரு மாடு எங்கோ காத்திருக்கிறது என்று பொருள்பட்ட காலத்தின் நினைவு அது. ஆனால் வெட்டிய புல்லின் கதை ஒரு வாசனையோடு முடிந்துவிடாது. வெட்டியவுடன் வருவது பச்சை வாசனை. பரத்திப்போட்டு இரண்டு வெயில் காய்ந்த பிறகு வருவது, போருக்குள் முகம் வைத்தால் வருகிற இனிப்பான உலர் வாசனை. வாரிக் குவித்துவிட்டு மறந்துபோனால் சாயங்காலமே புளித்த மாவின் வாடை தட்டும். இந்த மூன்றாவது வாடை வரும் புல்லைத்தான் இன்று பண்ணை வீட்டுக் குதிரைகளுக்கு அன்போடு வேலிக்கு மேலாக அள்ளிப் போடுகிறோம். குதிரை மேயும் வெளியில் புல்லை வெட்டினால், மறுபடி படலைத் திறக்கும் முன்பு அந்தப் புல் உலர்ந்திருக்க வேண்டும், அல்லது அங்கிருந்து அகற்றப்பட்டிருக்க வேண்டும். இரண்டுங்கெட்டானாக, ஈரத்தோடு குவிந்து கிடக்கும் புல்லைவிட மோசமான தீவனம் குதிரைக்கு இல்லை. கொங்கு நாட்டு மானாவாரிப் பண்ணையத்துக்குக் குதிரையோடு பெரிய உறவு இருந்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தின் முக்கால் பங்கு அதற்குத் தெரிந்திருந்தது என்பது என் கட்சி.

அமராவதி நகர் இதை யோசிப்பதற்குப் பொருத்தமான இடம். அணை 1957இல் எழும்பியது. ஊரே அணையோடு பிறந்தது. 90 அடி நீர்மட்டமும் ஏறத்தாழ 4 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட அந்த அணைக்குக் கீழே கரும்பும் நெல்லும் தென்னையுமாகப் பசுமை விரிந்தது. வாய்க்கால் கரையெல்லாம் வருடம் முழுக்கப் புல். வடக்கே போகப் போக அந்தப் பச்சை வெளுக்கும். தாராபுரம் தாண்டிக் காங்கேயம் பக்கம் போனால் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெய்யும் மேட்டாங்காடு, அங்கே கொரங்காடு. கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கீழே கொழுக்கட்டைப்புல் மண்டவிட்டு, உள்ளே போகப் படல் ஒன்று வைத்த நிலத்துண்டு அது. காங்கேயம் மாடு என்கிற இனமே அந்தப் புல்லில் உருவானதுதான். கொரங்காட்டில் கவனிக்க வேண்டிய விஷயம், அங்கே யாரும் புல்லை வெட்டுவதில்லை. மழைக்குப் புல் கிளம்பும்போது படலைச் சாத்தி வைப்பார்கள். புல் வளர்ந்து, பூத்து, விதை உதிர்த்து, நின்ற இடத்திலேயே காய்ந்து வைக்கோல் ஆகும். பிறகு படல் திறக்கும். வெட்டுவதும் காயவைப்பதும் போர் போடுவதும் சேமிப்பதுமான வேலையை வெயிலும் காற்றும் வேரோடு நிற்கும் புல்லிலேயே செய்து முடித்துவிடும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றிருந்தது சோளத்தட்டு. அதையும் அறுத்த கையோடு அடுக்கிவிட மாட்டார்கள். காட்டிலேயே அரிஅரியாகக் கிடந்து, நிறம் மாறி, மடக்கினால் ஒடியும் பக்குவம் வந்த பிறகுதான் கட்டிப் போருக்கு வரும். போருக்கு அடியில் கல்லடுக்கிக் காற்றுப் போக இடம் விடுவார்கள். பச்சையை நம்பாத நாடு அது. அணைக்கட்டுப் பாசனம் வந்து பச்சை மலிந்த பிறகுதான் 'பச்சையாக இருந்தால் நல்லது' என்ற எண்ணம் தீவனத்திலும் நுழைந்தது.

இந்த ஊர்ப் பக்கம் குதிரையே இருந்ததில்லையா என்றால் இருந்தது. உடுமலையிலும் தாராபுரத்திலும் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் வெகு தூரத்தில் இல்லை. பழனியில் அடிவாரத்துக் குதிரை வண்டிகள் பக்தர்களை ஏற்றிப் போவதை இன்றைய பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு இன்றைக்கும் குதிரைகள் வந்து இறங்குகின்றன. அந்த ஜட்காக் குதிரைகள் தின்றதெல்லாம் வெட்டிய புல்தானே, அவை செத்தா போயின என்பது முதலில் வரும் மறுப்பு. நியாயமான மறுப்பு. அதற்குப் பதில் சொல்ல அந்தப் புல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'கிராஸ்-கட்டர்' என்ற சொல்லுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. ஆங்கிலம் போலத் தோன்றினாலும் புல்லைக் குறிக்கும் 'காஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து திரிந்து வந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வெள்ளைக்காரர் வீட்டுக் குதிரை ஒவ்வொன்றுக்கும் குதிரைக்காரர் ஒருவர், புல் கொண்டுவர வேறொருவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு. ஒரு குதிரைக்கு ஓர் ஆள், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. வாய்க்கால் வரப்பிலும் தோட்டத்து ஓரத்திலும் அறுகம்புல்லைக் களைக்கொத்தால் செதுக்கி, மண் போக அடித்து உதறி, தேவைப்பட்டால் அலசி, தளர்வாகக் கட்டிப் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். அன்று வந்த கட்டு அன்றே தீரும். கட்டு தளர்வாக இருந்ததும், தண்டு முழுநீளமாக இருந்ததும், மறுநாளுக்கு மிச்சம் இல்லாததும் அந்தப் புல்லைக் காப்பாற்றிய மூன்று காரணங்கள். மண்ணை உதறியது நான்காவது. மணல் குடலில் தங்கினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும் என்பதை அந்தப் புல்லுக்காரப் பெண்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. இன்று நாம் போடும் மிஷின் புல்லில் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது.

தீவனம் தவறி இந்த மண்ணில் குதிரைகள் மடிவது பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். சோறும் வேகவைத்த இறைச்சியும் குதிரைக்குப் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை, குதிரை விற்க வரும் வியாபாரிகள் வைத்தியம் தெரிந்தவரை உடன் அழைத்துவருவதும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். எண்ணிக்கையில் பயணிகளுக்கே உரிய மிகை இருக்கலாம். வாங்கியவர்கள் கஞ்சர்கள் அல்லர் என்பது மட்டும் அதில் தெளிவு. வீட்டில் எது உயர்ந்த சாப்பாடோ அதைக் குதிரைக்கும் கொடுத்தார்கள். குதிரையைக் கொன்றது அந்த உபசாரம். பச்சைப் புல்லைக் கூடை கூடையாகக் கொட்டும் இன்றைய உபசாரமும் அதே வரிசையில் வருகிறது. பரி நரியான கதையை மாணிக்கவாசகர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் நாட்டில், சாயங்காலம் கம்பீரமாக நின்ற குதிரை விடிவதற்குள் வேறொன்றாகிக் கிடப்பதைக் கேட்க யாருக்கும் அதிசயமாக இருக்காது. லாயத்தில் அது நடப்பது பெரும்பாலும் வயிற்றின் வழியாகத்தான்.

குதிரையின் வயிறு உருவத்துக்குப் பொருந்தாத சிறிய பை. அத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். ஆகவே அது கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பதினான்கு பதினாறு மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த பிராணி. மெல்லும்போது மட்டுமே அதற்கு எச்சில் சுரக்கும். நாய்க்குப் போல உணவைக் கண்டவுடன் ஊறாது. நீளமான உலர்புல் ஒரு கிலோவை உள்ளே அனுப்ப அது மூவாயிரம் தடவைக்கு மேல் மெல்லுகிறது. நாள் முழுக்கச் சேர்த்தால் முப்பது லிட்டருக்கு மேல் எச்சில் இறங்குகிறது. இரைப்பையின் அமிலத்தைத் தணிப்பதும் கவளத்தை வழுக்கவைப்பதும் அந்த எச்சில்தான். மிஷினில் தூளான ஈரப் புல்லில் மெல்ல எதுவும் இல்லை. வாய்க்கு மெத்தென்று இருப்பதால் குதிரை அதை வாரி விழுங்கும். எச்சில் படாத ஈர உருண்டை தொண்டையில் அடைக்கும். அடைக்காமல் இறங்கினால் இரைப்பையில் புளித்து வாயு கிளப்பும். நமக்கோ நாய்க்கோ என்றால் வாந்தி எடுத்துத் தப்பிக்கலாம். குதிரையின் இரைப்பை வாசல் ஒருவழிக் கதவு. அதனால் வாந்தி எடுக்க முடியாது. வாயு முட்டினால் பை கிழியும் அளவுக்குப் போகும். முன்காலால் மண்ணைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் அந்த வலியின் சைகைகள். இரைப்பை தாங்கிவிட்டால் அடுத்து பெருங்குடல். நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. திடீரென்று எளிதில் புளிக்கும் பொருள் மலைபோல வந்து விழுந்தால் அவற்றின் சமநிலை கலையும், நச்சு ரத்தத்தில் ஏறும், சில நாளில் குளம்புக்குள் அழற்சி கண்டு குதிரை நொண்டும். வாயில் போட்டது காலில் வெளிப்படுவது வைத்தியம் தெரியாதவருக்கு மாயமாகத்தான் தோன்றும்.

வெட்டிய புல்லைக் குவித்தால் என்ன ஆகிறது என்பதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நனைந்த பனியன் துணியை உருட்டி மூலையில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கழித்துத் திங்கட்கிழமை பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தக் கம்பெனிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். புல் அதைவிட மோசம். அது வெட்டுப்பட்ட பிறகும் சில மணி நேரம் உயிரோடு மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் சர்க்கரை எரிந்து சூடு பிறக்கிறது. பரத்திக் கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். குவியலில் அது எங்கே போகும்? வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து சூட்டைக் கூட்டும், ஓரங்களில் பூஞ்சை பிடிக்கும், நடுவில் காற்றே இல்லாத குழம்பாகும். காற்றில்லாமல் அழுகும் தீவனத்தில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அந்த நஞ்சுக்கு வீட்டுப் பிராணிகளில் குதிரை மிகவும் பலவீனமானது. ஒரு பக்கம் செத்த தசைபோல நாக்கு தொங்கி, விழுங்க முடியாமல், நிற்க முடியாமல் போகும் அந்த நோய்க்கு வைத்தியம் எளிதில்லை. வெளிநாட்டில் புல்லை ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் இறுக்கிப் புளிக்கவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்களே, அது மட்டும் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. அது ஊறுகாய் போட்ட மாதிரி: ஈரம் அளந்து, காற்று வெளியேற்றி, அமிலம் போதுமான அளவு ஏறும்வரை பொறுத்திருந்து செய்வது. அதிலும் உறை கிழிந்தால் அந்தக் கட்டைக் குதிரைக்குக் கொடுக்க மாட்டார்கள். திறந்த வெளியில் கிடக்கும் குவியல் அந்த முறையில் பாதிகூட இல்லை. மாங்காயை நறுக்கி உப்பில்லாமல் திண்ணையில் வைத்த கதை.

அடுத்து வருகிற மறுப்பு எல்லாரும் சொல்வது. "மாடு திங்குது, எருமை திங்குது, குதிரை மட்டும் என்ன சாமியா?" மாடு தின்கிறது, உண்மைதான். மாட்டுக்கு நொதிக்கும் பை முன்னால் இருக்கிறது. விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக அசைபோடும். வாயு சேர்ந்தால் ஏப்பமாக வெளியேற்றும். குதிரையிடம் இந்த மூன்று வசதியும் இல்லை. தவிர, மாடும் எல்லாவற்றையும் தாங்கிவிடுவதில்லை. மழையில் நனைந்த இளம் பயறுச் செடியை மேய்ந்து வயிறு உப்பிப்போன மாட்டை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பயிர்ச் சோளத்தின் மறுதாம்பைத் தின்று சுருண்டு விழுந்த மாடுகளின் கதையும் ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-4, கோ-5 எல்லாம் கறவை மாட்டுப் பண்ணையத்தையே மாற்றிப் போட்டவை. மிஷினில் துண்டு துண்டாக நறுக்கித் தொட்டியில் கொட்டினால் மாடு அடித்துத் தின்று பால் தரும். அந்த வெற்றிதான் குதிரை வைத்திருப்பவரையும் அதே நறுக்கு மிஷினுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. நேப்பியரில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த உடைப்பு நடப்பதற்குள் சுண்ணாம்பை உறிஞ்ச வேண்டிய சிறுகுடல் தாண்டிப்போயிருக்கும். குறை ஏற்பட்டால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துச் செலவு செய்யும். தாடையும் முகமும் வீங்கும்.

இங்கே என் கட்சிக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆக்சலேட் நேப்பியரில் மட்டும் இல்லை. கொரங்காட்டின் அரசனான கொழுக்கட்டைப்புல்லிலும் இருக்கிறது. அதே இனப் புல்லை ஆஸ்திரேலியாவில், முக்கியமாகக் குயின்ஸ்லாந்தில், மாட்டுக்காகப் பெரும் பரப்பில் விதைத்தார்கள். அதை மட்டுமே மேய்ந்த குதிரைகளுக்கு முகம் வீங்கும் நோய் வந்ததால் அங்கே அதற்குப் 'பெரிய தலை' என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே கொரங்காட்டைக் குதிரைக்கு அப்படியே எடுத்துக்கொடுத்தால் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கொரங்காடு ஒரே புல்லாக இருந்ததில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நரிப்பயறு போன்ற பயறுக் கொடிகள் புல்லுக்கு நடுவே படரும். வெள்வேல மரம் கோடையில் காயை உதிர்க்கும். சுக்கான் கலந்த செம்மண் காட்டில் வளர்வதால்தான் காங்கேயம் காளைக்கு எலும்பு உரம் என்று உழவர்கள் சொல்வதுண்டு. பயறுக் கொடி சுண்ணாம்புச் சத்து தரும். கூடச் சுண்ணாம்புத் தாது கலந்த தீவனமும், இன்னொரு வகை உலர்புல்லும் சேர்த்தால் குதிரைக்கும் அந்த வெளி பொருந்தும். எடுத்துக்கொள்ள வேண்டியது கொரங்காட்டின் புல்லினத்தைவிட அதன் ஒழுங்கு. எப்போது படலைச் சாத்துவது, எப்போது திறப்பது, புல் எந்த நிலையில் இருக்கும்போது வாய் படவேண்டும் என்ற கணக்கு அது. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை போன்றவை இந்தக் கணக்கையும் மாட்டோடு சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருப்பது சும்மா பழம்பெருமைக்காக இல்லை.

அப்படியானால் குதிரை வெளியில் மிஷினே ஓடக்கூடாதா? ஓடலாம், சில சமயம் ஓடித்தான் ஆகவேண்டும். குதிரை மாட்டைப்போல ஒரேசீராக மேயாது. பிடித்த இடத்தைத் தரையோடு தரையாகக் கடித்துக்கொண்டே இருக்கும். சாணம் போட்ட இடத்தை ஒதுக்கும். ஒதுக்கிய இடத்தில் புல் முற்றி, பார்த்தீனியம் தலையெடுக்கும். முற்றிய திட்டுகளை நான்கைந்து விரற்கடை விட்டு மேலாக வெட்டிவிட்டால் அடியிலிருந்து இளம்புல் கிளம்பும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன் தலை போகும். சிக்கல், வெட்டிய பிறகு படல் எப்போது திறக்கிறது என்பதில். வெட்டு மெல்லியதாக விழுந்து, கீழே மண்ணும் குட்டைப் புல்லும் தெரிகிற அளவில் சிதறியிருந்தால் பங்குனி வெயிலில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். சருகாகிவிடும், மண்ணுக்கும் நல்லது, வார வேண்டியதில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தாராபுரத்துக் காற்றாடிகளை மட்டும் சுற்றவில்லை. வெட்டிய புல்லையும் அரை நாளில் உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகைதான் சோதனை. புல் வேகமாக வளர்வதும் அப்போதுதான், உலராமல் கிடப்பதும் அப்போதுதான். பச்சைப் புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். நூறு கிலோ வெட்டினால், பதினைந்து பங்கு ஈரத்தோடு பத்திரமாகச் சேமிக்கக்கூடிய உலர்புல்லாக மிஞ்சுவது இருபத்து மூன்று, இருபத்து நான்கு கிலோதான்; மீதி எழுபத்தாறு கிலோ தண்ணீரும் காற்றோடு போகவேண்டும். மேகம் மூடிய வானத்தின் கீழ் அது எங்கே போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே, அந்த மாதங்களில் வாரி வெளியே எடுப்பதைத் தவிர வழியில்லை என்பது தெரிந்துவிடும்.

வாரி எடுக்க ஆள் எங்கே என்பதுதான் இன்றைய நிஜமான மறுப்பு. மற்றதெல்லாம் வாதத்துக்காகச் சொல்வது. 1980களில் ஏற்றுமதி வேகம் பிடித்த பிறகு இந்த மாவட்டத்தின் கைகள் எல்லாம் தையல் மிஷினுக்கும் கட்டிங் மேசைக்கும் போய்விட்டன. கம்பெனி வேன் காலையில் ஊர் ஊராக வந்து ஏற்றிக்கொண்டு போகும்போது, வெயிலில் புல் புரட்ட யார் நிற்பார்கள்? நின்றாலும் அந்தக் கூலிக்கு வெளியிலிருந்து உலர்புல்லே வாங்கிவிடலாம் என்பார்கள். இந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். அது சொல்வது ஒன்றுதான்: ஆள் இல்லையென்றால் அவ்வளவு வெட்டாதே. பெரிய வெளியை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, வார முடிகிற அளவுக்கு மட்டும் வெட்டலாம். இன்னும் சுலபமான வழி, மாட்டை உள்ளே விடுவது. குதிரை ஒதுக்கிய முற்றின புல்லை மாடு தின்னும்; குதிரையின் குடற்புழுக் குஞ்சுகள் பெரும்பாலும் மாட்டின் வயிற்றில் பிழைப்பதில்லை, மாட்டுப் புழுவும் குதிரையில் அப்படியே. ஒன்றன் பின் ஒன்றாக மேய்ந்தால் இரண்டுக்கும் புழுத் தொல்லை குறையும். கொரங்காட்டில் மாடு மேய்ந்த பின் செம்மறி ஆட்டை விட்டதில் இந்தச் சூத்திரம் ஏற்கெனவே இருக்கிறது. வெட்டித்தான் ஆகவேண்டியிருந்தால் அன்றைய புல்லை அன்று மதியத்துக்குள் அண்டைத் தோட்டத்துக் கட்டுத்தறிக்கு அனுப்பிவிடலாம். குதிரைக்கு ஆபத்தான அதே பச்சை, சூடேறுவதற்கு முன் போனால், கறவை மாட்டுக்கு நல்ல தீவனம். மொபெட்டில் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போக ஆள் கிடைப்பார். காசு கேட்காமல் அள்ளுவார்.

எல்லாவற்றிலும் பதில் சொல்லக் கடினமான மறுப்பு, கருணையின் பெயரால் வருவது. "ஏனுங்க, வீணாக் கெடந்து மக்கிப் போறத ஒரு வாயில்லாச் சீவன் திங்கட்டுமே" என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச மனம் வராது. பசுவுக்கு ஒரு பிடி புல் போடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்த சமூகம், வேலிக்கு வெளியே கை நீட்டிய குதிரையை வெறுங்கையோடு அனுப்பாது. ஆனால் பூங்காவிலும் சாலையோரத்திலும் வெட்டிய குவியலில் புல் மட்டுமா இருக்கிறது? நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டு முழுக்க அரளி நிற்கிறது. வண்டிப் புகையும் வறட்சியும் தாங்கும், மாடு கடிக்காது என்றுதான் அதை வைத்தார்கள். மாடு அதைக் கடிக்காததற்குக் காரணம் அதன் கசப்பும் நஞ்சும். புல்லோடு சேர்த்து நறுக்கிக் குவித்துவிட்டால் அந்தக் கசப்பு புல்லின் மணத்தில் மறைந்துபோகும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. குதிரையின் இதயத்தை நிறுத்த ஒரு கைப்பிடி இலையே போதும். ஒரு மொத்தக் குவியலில் ஒரு கைப்பிடி அரளி இருப்பதைக் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. களைக்கொல்லி அடித்த ஓரமா, பிளாஸ்டிக் பையும் குட்கா உறையும் நறுங்கிக் கலந்த ஓரமா என்பதும் அப்படித்தான். புல்லுக்காரப் பெண் ஒவ்வொரு கைப்பிடியையும் பார்த்து அறுத்தாள். மிஷினுக்குப் பார்வை கிடையாது. கருணைக்கு வேறு வழிகள் உண்டு. ஊறவைத்த கொள்ளு அளவாகக் கொடுக்கலாம், உலர்புல் ஒரு கட்டு வாங்கி வந்து கொடுக்கலாம், ஒரு வாளித் தண்ணீர் வைக்கலாம். கோடையில் அந்த வாளிக்கு இணையான உபசாரம் எதுவும் இல்லை.

ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கால்நடைப் பண்ணை, 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கியது. காலப்போக்கில் குதிரை போய் மாடு வந்தது. தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றி 1936இல் ஒரு முக்கியமான நூலை எழுதிய லிட்டில்வுட் அந்தப் பண்ணையோடு சம்பந்தப்பட்டவர். குதிரைக்காகப் பிரித்த வெளிகளில் மாடு மேய்ந்தது. திருப்பூர் மாவட்டத்தில் இப்போது நடப்பது தலைகீழ்: மாடு மேய்ந்த காடுகள் சில மனைகளாகிப் போக, சில பண்ணை வீடுகளாகி அவற்றில் மார்வாரிக் குதிரையும் கத்தியவாரிக் குதிரையும் வந்து நிற்கின்றன. வந்தவை ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் வறண்ட புல்லைத் தின்று வளர்ந்த இனங்கள்; காங்கேயத்துக் கொரங்காட்டைப் பார்த்தால் அவற்றுக்கு ஊர் நினைவு வரலாம். அணைத் தண்ணீர் பாயும் பச்சைப் பக்கத்தில், அமராவதி நகர்ப் பக்கத்தில், அவற்றுக்குக் கிடைப்பது வேறு.

அங்கே காலையில் மிஷின் ஓடி முடிந்தது. வாரியவர்கள் புல்லை வேலியோரம் இடுப்பு உயரத்துக்குச் சாத்திவிட்டு, நாளைக்கு டிராக்டர் வரும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். பொழுது சாயும் நேரம் அணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும்போது குவியலின் உச்சியில் மெல்லிய ஆவி எழும். உள்ளே கையை விட்டால் மணிக்கட்டு வரை ஈரம், அதற்கு அப்பால் சோற்றுப்பானைக்குள் விட்டதுபோலச் சூடு. வேலிக்கு அந்தப் பக்கம் செவலைக் குதிரை ஒன்று கழுத்தை நீட்டி, மேல் உதட்டால் குவியலின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறது.